முத்துக்குமாருவை வகுப்பறைக்குள் அழைத்து வாருங்கள்: திருகோணமலை வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளில் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

நானும் உங்களில் ஒருத்திதான். 32 வருடம் இந்த மாவட்டத்திலேயே வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவள். உங்களில் சிலர் என் வகுப்பில் இருந்து எழுந்து போனவர்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். வாசித்துவிட்டு ஏச வேண்டுமென்றால் ஏசுங்கள். வாசிக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை பேரனோடு கோணேசர் கோயிலுக்குப் போனேன். எங்கள் கோயிலுக்குப் போகும் வழி உங்களுக்குத் தெரியும். பிரட்ரிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்து, ஆமி முகாமைக் கடந்து, மான்களைப் பார்த்துக்கொண்டே மேலே ஏற வேண்டும். இந்த ஊரில் பிறந்த பிள்ளை எதுவும் சீருடையைக் காணாமல் கோணேசரைக் கண்டதில்லை. போகிற வழியில் வெலிங்டன் தங்கியிருந்த வீட்டைப் பேரனுக்குக் காட்டினேன். 1800 கடைசியில் படையோடு இங்கே வந்தவர், பிறகு வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் என்று சொன்னேன். பிள்ளை கேட்டுக்கொண்டு வந்தான். கோட்டையின் நடுவில் நின்று திடீரென்று கேட்டான்: "அம்மம்மா, ஆமியில தமிழ் ஆக்கள் ஒருத்தரும் பெரிய ஆளா இருந்ததில்லையா?"

"ஏனில்லை, இந்த ஆமிக்கு முதல் இலங்கைத் தளபதியே ஒரு தமிழர்தான்" என்றேன்.

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தான். பெயரைக் கேட்டான். அன்ரன் முத்துக்குமாரு என்றேன். திங்கட்கிழமை பாடசாலையில் போய்ச் சொல்லியிருக்கிறான். அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, இருந்தால் கொண்டு வந்து காட்டு என்று ஆசிரியர் கேட்டாராம். வகுப்பு சிரித்ததாம். பிள்ளை முகம் வாடித்தான் வீட்டுக்கு வந்தான்.

அந்த ஆசிரியரை நான் குறை சொல்ல வரவில்லை. எனக்கு அந்தப் பெயர் சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்தும் 32 வருடத்தில் ஒரு நாளாவது வகுப்பில் அதை நான் சொன்னதில்லை. தெரியாதவரை விடத் தெரிந்தும் வாய் திறக்காதவளின் பிழைதான் பெரிது. அதை ஒப்புக்கொண்டுதான் மற்றதை எழுதுகிறேன்.

முதலில் மனிதர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

முத்துக்குமாரு 1908ல் பிறந்தவர். கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியில் படித்து, ஒக்ஸ்போர்டின் ஜீசஸ் கல்லூரிக்குப் போய், லண்டனில் கிறேஸ் இன்னில் பாரிஸ்டரானவர். அதாவது தொழிலுக்கு வழக்கறிஞர். அந்தக் காலத்தில் இலங்கைக்கென்று நிரந்தர ஆமி கிடையாது, தொண்டர் படைகள்தான் இருந்தன. பகலில் அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ வேலை செய்கிறவர்கள் மாலையிலும் விடுமுறையிலும் பயிற்சிக்குப் போவார்கள். அப்படியான இலங்கை இலகு காலாட்படையில் 1934ல் அதிகாரியாகச் சேர்ந்தார். 1939ல் யுத்தம் வந்ததும் தொண்டர் படைகளை முழுநேரச் சேவைக்கு அழைத்தார்கள். கறுப்பு அங்கியைக் கழற்றிய வழக்கறிஞர் அதற்குப் பிறகு சீருடையிலேயே நின்றுவிட்டார். மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியத் தலைமையகத்தைக் கண்டிப் பக்கம் கொண்டுவந்தபோது, அதற்குக் காவல் நின்ற படையினருக்குப் பொறுப்பாக இருந்தவர் இவர்.

அதே யுத்தத்தில் நம்முடைய ஊர் என்ன பட்டது என்பதைப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லித்தான் இருப்பீர்கள். 1942 ஏப்ரல் 9ம் திகதி காலையில் ஜப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டன. அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் தாழ்ந்தது. நிலாவெளி வீதியில் போகும்போது யுத்த மயானத்தை இன்றும் பார்க்கலாம். சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகளைக் காட்டாத தகப்பன் இந்த ஊரில் இல்லை. அந்தக் கதையில் வருகிற ஆட்கள் எல்லோரும் வெள்ளைக்காரரும் ஜப்பான்காரரும் என்றுதான் நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நம்முடைய ஆட்களும் அந்தச் சீருடையை உடுத்திருந்தார்கள்.

1948ல் சுதந்திரம். இலங்கை ஆமி 1949ல்தான் சட்டப்படி உருவானது. நாடு நம்முடையது, ஆமியின் தலைவர் மட்டும் வெள்ளைக்காரர். முதலில் கெயித்னஸ் பிரபு, அவருக்குப் பிறகு பிரான்சிஸ் றீட். நிரந்தர ஆமியின் முதலாவது காலாட்படை அணியைக் கட்டி எழுப்பும் பொறுப்பு முத்துக்குமாருவின் கையில் வந்தது. 1955ல் றீட் போனதும் தளபதி பதவியே இவருக்கு வந்தது. சுதந்திரம் கிடைத்து 7 வருடத்துக்குப் பிறகு, இந்த நாட்டில் பிறந்த ஒருவர் இந்த நாட்டு ஆமிக்குத் தலைவரானார். அவர் தமிழர். மேஜர் ஜெனரலாக 1959 முடியும் வரை அந்தப் பதவியில் இருந்தார்.

அவருக்குப் பிறகு இன்று வரை ஆமிக்குத் தமிழ்த் தளபதி ஒருவரும் வரவில்லை. கடற்படைக்கு வந்திருக்கிறார்கள். 1960இல் இருந்து 1970 வரை ராஜன் கதிர்காமர், பிறகு 2017ல் இரண்டு மாதம் அளவில் டிராவிஸ் சின்னையா. சின்னையா அதற்கு முன் கிழக்குக் கடற்படைக்குத் தளபதியாக இங்கேயே இருந்தவர், அதனால் அந்தப் பெயர் ஊரில் பலருக்குத் தெரியும். ஆமிக்கு முத்துக்குமாரு ஒருவர்தான்.

இனி என் அப்பாவின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் நான் ஏன் எழுதுகிறேன் என்பது விளங்காது.

அப்பா டொக்யாட்டில், அதாவது கடற்படையின் கப்பல் பட்டறையில், பிற்றர். பிரித்தானியக் கடற்படையின் கப்பல்களுக்குக் கை வைத்தவர். 1955ல் முத்துக்குமாரு தளபதியான செய்தி பத்திரிகையில் படத்தோடு வந்ததாம். அப்பா அந்தப் படத்தை வெட்டி எடுத்து டிரங்குப் பெட்டியின் மூடிக்கு உட்பக்கத்தில் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்தார். காணி உறுதி, எங்களுடைய பிறப்புச் சான்றிதழ்கள், அம்மாவின் தாலிக்கொடி எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். மூடியைத் திறந்தால் முதலில் தெரிவது தளபதியின் முகம். "எங்கட ஆள்" என்று அப்பா சொல்லுவார். கொழும்பில் இருந்த தளபதிக்கும் திருகோணமலைப் பிற்றருக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. இருந்தாலும் அவர் எங்கட ஆள்தான்.

அடுத்த வருடம் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1956 ஆவணியில் தமிழரசுக் கட்சி நம்முடைய ஊரில் மாநாடு வைத்தது, நாலா பக்கமிருந்தும் சனம் நடந்து வந்து சேர்ந்தது. 1957 பெப்ரவரி 4, சுதந்திர தினத்தன்று, கறுப்புக் கொடி கட்டப் போன நடராசன் சுடப்பட்டு இறந்தார். திருமலை நடராசன் என்றால் இங்கே தெரியாதவர் இல்லை. அந்த நாளில் நாட்டின் ஆமித் தளபதி ஒரு தமிழர். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். எத்தனை கேள்வி வரும்! அந்தக் கேள்விகள் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

1957 ஒக்டோபரில் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டு பிரித்தானியர் புறப்பட்டார்கள். நாட்டுக்கு அது வெற்றி, கொடி ஏற்றிக் கொண்டாடினார்கள். எங்கள் வீட்டுக்கு அது வேலை போன செய்தி. வேலை இழந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைப் பொலன்னறுவைப் பக்கம் காணி கொடுத்துக் குடியேற்றலாம் என்று அரசாங்கத்தில் ஒரு யோசனை வந்தது. அப்பாவுக்கும் ஆசை காட்டினார்களாம். வயல் கிடைக்கும், வாய்க்கால் தண்ணீர் கிடைக்கும் என்று. அம்மாதான் மறுத்தவ. கடலைக் காணாத ஊரில் என்னால் இருக்க முடியாது என்று ஒரே பிடி. அந்த யோசனைக்கு எதிராகப் பொலன்னறுவையில் ஆட்கள் கும்பல் சேரத் தொடங்கினார்கள். மார்கழியில் வெள்ளம் வந்து வடக்கு, கிழக்கு, வடமத்தி எங்கும் குளங்கள் உடைத்து ஊர்கள் தண்ணீரில் தாழ்ந்தபோது, சனத்தை மீட்டு அரிசி கொடுத்ததில் முத்துக்குமாருவின் ஆமியும் நின்றது. அந்த ஈரம் காய்வதற்குள் 1958 வந்துவிட்டது. சித்திரையில், பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்திருந்த பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. வைகாசி கடைசியில் தமிழருக்கு எதிரான கலவரம்.

அது முதலில் பற்றியது பொலன்னறுவைப் பக்கம்தான். அம்மா மறுத்திராவிட்டால் நாங்கள் அங்கே இருந்திருப்போம். எனக்கு அப்போது 5 வயது.

1958 மே 27ல் அவசரகாலச் சட்டம் வந்தது. அதிகாரம் மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்கவின் கைக்குப் போனது, ஆமி வீதிக்கு இறங்கியது. கலவரத்தை அடக்கியது ஆமிதான். பொலன்னறுவையில் கும்பலை நோக்கிச் சுட்ட பிறகுதான் அங்கே அடங்கியது. கொழும்பில் அகதியான தமிழரைக் கப்பலில் ஏற்றி வடக்குக்கு அனுப்பினார்கள். அந்த ஆமி தமிழரை வெட்டவில்லை, வெட்ட வந்தவர்களைச் சுட்டது. அப்பா இதைப் பல தடவை சொல்லுவார். "58ல ஆமி வந்தா சனம் மூச்சு விட்டது" என்பார். 83 கலவரத்துக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இதைச் சொன்னால் முகத்தைப் பார்ப்பார்கள், இவருக்கு என்ன நடந்தது என்பது போல. ஆனால் அது உண்மை. கால் நூற்றாண்டுக்குள் அதே ஆமியின் பெயரைக் கேட்டாலே தமிழ்ச் சனம் வீட்டை விட்டு ஓடும்படி ஆனது. இடையில் என்ன நடந்தது என்பதைப் படிப்பிப்பதை விட வரலாற்று ஆசிரியருக்கு வேறு என்ன பெரிய வேலை?

நடந்ததை ஓரளவு எல்லோரும் அறிவோம். தனிச் சிங்களச் சட்டம் அரச உத்தியோகம் முழுவதையும் மாற்றியபோது படைகளும் மாறின. 1962 ஜனவரியில் ஆமி, கடற்படை, பொலிஸ் அதிகாரிகள் சிலர் அரசைக் கவிழ்க்கத் திட்டம் போட்டுப் பிடிபட்டார்கள். பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், ஆங்கிலம் படித்த மேல்தட்டுக் குடும்பத்தவர்கள், சிங்களவரும் பறங்கியரும் தமிழரும் கலந்த கூட்டம். அதற்குப் பிறகு சிங்கள பௌத்தர்களுக்கே முதலிடம் என்ற எண்ணம் படைகளுக்குள் ஊன்றியது. முத்துக்குமாரு அப்போது ஓய்வு பெற்று இரண்டு வருடம். உயர்ஸ்தானிகராகப் பாகிஸ்தான், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தூதுவராக எகிப்து என்று அவருடைய வாழ்க்கை வேறு திசையில் போனது.

அவருடைய கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. முதுமையில் உட்கார்ந்து இலங்கையின் இராணுவ வரலாற்றை ஒரு புத்தகமாக எழுதினார். 1987ல் புதுடில்லியில் அச்சாகி வந்தது. அந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். ஆடியில் இலங்கை-இந்திய ஒப்பந்தம், அடுத்த நாட்களிலேயே இந்திய அமைதிப்படை வந்தது, அடுத்த வருடம் இணைந்த வடகிழக்கின் தலைநகராக நம்முடைய ஊர் ஆனது. நமது தெருவில் இந்தியச் சிப்பாய்கள் ரோந்து போன அதே வருடத்தில், அந்த நாட்டின் தலைநகரில் இந்த நாட்டு ஆமியின் கதை ஒரு தமிழரின் பெயரோடு அச்சேறியிருக்கிறது. 2001ல் அவர் மறைந்தார்.

டிரங்குப் பெட்டிக்குத் திரும்பவும் வருகிறேன்.

1986ல் ஒரு நாள் எங்கள் பகுதியைச் சுற்றிவளைத்தார்கள். எனக்கு 33 வயது, கையில் பிள்ளை. வீட்டைச் சோதிக்க இரண்டு சிப்பாய்கள் உள்ளே வந்தார்கள். ஒருவனுக்கு 20 வயது கூட இராது. பெட்டியைத் திறக்கச் சொன்னான். அப்பா திறந்தார். மூடியின் உட்பக்கத்தில் மஞ்சளித்துப் போன அந்தப் படம். சீருடை, தொப்பி, பதக்கம். பையன் குனிந்து பார்த்தான். "மே கவுத?" என்று கேட்டான், இது யார் என்று. அப்பா டொக்யாட்டில் பழகிய சிங்களத்தில் சொன்னார்: உங்களுடைய ஆமியின் முதல் இலங்கைத் தளபதி, எங்கள் ஆள், தமிழர். பையன் நம்பவில்லை. மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்பா பெயரைத் திரும்பவும் மெதுவாகச் சொன்னார். மற்றவன் மூடியைச் சாத்தினான், ஒன்றும் பேசாமல் போய்விட்டார்கள். பெட்டிக்குள் கையே வைக்கவில்லை.

அன்றைக்கு உயிர் தப்பியதே போதும் என்று இருந்தது. வருடங்கள் போன பிறகுதான் அதன் கனம் எனக்குத் தெரிந்தது. அந்தச் சிங்களப் பையனுக்குத் தன்னுடைய ஆமியின் முதல் இலங்கைத் தளபதி யார் என்று ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அடுத்த நாள் என் வகுப்பில் இருந்த 38 தமிழ்ப் பிள்ளைகளுக்கு நானும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவனுக்கு மறைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு என் மேலேயும் வந்தது.

1990 ஆனியில் யுத்தம் திரும்பவும் தொடங்கி ஓடும்போது பெட்டியை எடுக்க முடியவில்லை. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை.

இனி உங்கள் மனதில் ஓடுவதை நான் ஊகிக்கிறேன். ஓய்வறையில் உட்கார்ந்து எத்தனையோ தடவை இதே பேச்சைக் கேட்டவள் நான்.

ஆமியைப் பற்றி நல்லதாகப் பேசச் சொல்கிறாரா இந்த மனிசி என்று ஒருவர் கேட்பார். இல்லை. 2006 ஜனவரி 2ம் திகதி நம்முடைய கடற்கரையில் சுட்டுக் கொல்லப்பட்ட ஐந்து பிள்ளைகளை மறந்துவிட்டு எனக்கு எந்த வரலாறும் கிடையாது. படிப்பை முடித்து, அடுத்த கட்டத்துக்குக் காத்திருந்த பிள்ளைகள். அவர்களின் பெற்றோருக்கு இன்னும் நீதி கிடைக்கவில்லை. அந்த இடத்தில் நிற்கிற காந்தி சிலையைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கால் தடுமாறும். முத்துக்குமாருவைச் சொல்கிற வாய் அவர்களையும் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மூட வேண்டாம். தமிழர் தலைமை தாங்கிய ஆமி ஒன்று இருந்தது என்று அறிந்த பிள்ளைக்குத்தான் அது எப்படித் தமிழர் இல்லாத, தமிழரை எதிரியாகப் பார்த்த ஆமியாக மாறியது என்று கேட்கத் தெரியும். எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நினைக்கிற பிள்ளைக்குக் கேள்வியே வராது. விதி என்று விட்டுவிடும்.

இன்னொருவர் வேறு பக்கத்தில் இருந்து கேட்பார்: அவர் கொழும்பு ஆள், ஒக்ஸ்போர்டு ஆள், ஆட்சியில் இருந்தவர்கள் சொன்னதைச் செய்தவர், அவரை நாம் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்? இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். உண்மையில் வகுப்பில் பிள்ளைகளிடம் விட வேண்டிய கேள்வி இதுதான். 1952ல் தொடங்கி, இந்தியாவில் இருந்து கள்ளமாக வருகிறவர்களைப் பிடிக்கிறோம் என்று ஆமி வடக்குக் கடற்கரையில் நின்றது. பிடிபட்டவர்கள் யார்? தமிழ் பேசுகிற ஏழைகள். அந்த நடவடிக்கை அவர் தளபதியாக இருந்தபோதும் தொடர்ந்தது. தளபதி என்பவர் மக்கள் தெரிவு செய்த அரசுக்குக் கட்டுப்பட்டவர், அப்படிக் கட்டுப்படாத ஆமி இருக்கிற நாடுகளின் கதையும் நமக்குத் தெரியும். அப்படியானால் தன்னுடைய இனத்தை ஒதுக்கும் சட்டம் வருகிற நேரத்தில் அந்தக் கதிரையில் இருக்கிற ஒருவர் என்ன செய்ய வேண்டும்? விட்டுவிட்டுப் போக வேண்டுமா? உள்ளே நின்று 58 போன்ற ஒரு நாளில் படை நடுநிலையாக நிற்கும்படி பார்க்க வேண்டுமா? நின்றால் நல்லது என்பதுதான் என் எண்ணம். அவர் அங்கே இருந்திராவிட்டால் 1958 இன்னும் மோசமாகப் போயிருக்கும் என்று அப்பா கடைசி வரை நம்பினார். நீங்கள் வேறு விதமாக நினைக்கலாம். பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று வாதாடட்டும். 11ம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பலம் இருக்கிறது. நாம்தான் அவர்களைக் குறைத்து மதிப்பிடுகிறோம்.

பாடத்திட்டத்தில் நேரம் இல்லை என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். மூன்றாம் தவணையில் நானும் ஓடி ஓடித்தான் முடித்திருக்கிறேன். நான் கேட்பது ஒரு பாடவேளை. சுதந்திரத்துக்குப் பிந்திய இலங்கை வரும் இடத்தில் 40 நிமிடம். பயம் என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். சில காலம் நாம் எல்லோரும் சுவருக்கும் காது இருக்கிறது என்று பேசியவர்கள். ஆனால் இதில் பயப்பட என்ன இருக்கிறது? ஆமியின் தளபதிகள் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது. அவர்களே வைத்திருக்கிற பெயரை நாம் சொன்னால் ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது.

எப்படிச் செய்யலாம் என்று கேட்டால் சொல்கிறேன். வகுப்பைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எப்படியும் கோயிலுக்குப் போகிற பிள்ளைகள்தானே. 1622ல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கட்டிய கோட்டை என்பதை வாசலில் சொல்லுங்கள். ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறியதைச் சொல்லுங்கள். வெலிங்டனின் வீட்டடியில் நிறுத்தி, சில மாதம் வந்து தங்கிய வெளிநாட்டுத் தளபதி ஒருவரின் பெயர் 200 வருடமாக இந்தக் கல்லில் நிற்கிறது, 5 வருடம் நாட்டின் ஆமியை நடத்திய தமிழரின் பெயர் நம்முடைய வாயில் கூட இல்லை, ஏன் என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் மேலே ஏறும்போது பேசிக்கொண்டே வருவார்கள்.

அப்புறம், டொக்யாட் குடும்பங்கள். உவர்மலையிலும் உட்துறைமுக வீதிப் பக்கமும், சீனன்குடாவிலும், கிண்ணியாவிலும் அப்பாவைப் போன்றவர்களின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், மலையாளிகள், எல்லோரும் அங்கே ஒன்றாய் வேலை செய்தவர்கள். 1957ல் தளம் போனதையும் 58ல் ஆமி வந்ததையும் தகப்பன் வாயால் கேட்டவர்கள் 70, 75 வயதில் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை ஒரு கைபேசியோடு போய் அரை மணி நேரம் இருந்தால் பதிவு செய்துவிடலாம். இன்னும் 10 வருடத்தில் கேட்க ஆள் இருக்காது. சிங்களப் பாடசாலைகளில் வரலாறு படிப்பிக்கும் நண்பர்கள் உங்களுக்கு இருந்தால், அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். அந்த 1986 பையனுக்கு இப்போது 60 வயது இருக்கும். அவனுடைய பேரப்பிள்ளையும் எங்கோ ஒரு வகுப்பில் இருக்கும்.

முத்துக்குமாருவுக்குச் சிலை வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. வீதிக்குப் பெயர் வைக்கவும் கேட்கவில்லை. தமிழில் அவரைப் பற்றி ஒழுங்கான நான்கு பக்கம் நம்முடைய நூலகங்களில் இருக்க வேண்டும், அதை ஒரு பிள்ளை எடுத்துக்கொண்டு போய் ஆசிரியருக்குக் காட்ட முடிய வேண்டும். அந்த நான்கு பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள். படி எடுக்கும் செலவு என்னுடையது.

பேரன் போன கிழமை கைபேசியில் தேடி ஒரு படத்தைக் கொண்டு வந்து நீட்டினான். "அம்மம்மா, இவர்தானா?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கன நேரம் பார்த்தேன். பெட்டி மூடியில் இருந்த அதே படமா என்று சொல்ல முடியவில்லை, ஆனால் முகம் அதுதான். படத்தை அச்செடுத்து வரலாற்றுக் கொப்பியின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கிறான். வருகிற தவணையில் அந்தக் கொப்பி உங்களில் ஒருவரின் மேசைக்கு வரும். எடுத்துப் பாருங்கள், பிள்ளையிடம் யார் இவர் என்று கேளுங்கள். அவன் எழுந்து சொல்லட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை